இன்னும் இரண்டு செவ்வாய்

அம்மாவின் வலது முழங்கால் வீங்கியிருந்ததை நான் கண்டு அறுபத்திரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கண்டேன். இப்போது திங்கட்கிழமை காலை எட்டு மணி. பத்தரைக்குத் தீவைவிட்டு லோஞ்சுப் படகு புறப்படும்.

பயத்தில்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தபோது, விளங்காத ஒன்றைக் கண்டால் முதலில் நேரத்தைக் குறி, பிறகு கண்டதை மட்டும் எழுது என்று பழக்கியிருந்தார்கள். பாதி வெறுமையாய்க் கிடந்த செய்முறைக் கொப்பி ஒன்றில், தவளையின் குருதிச் சுற்றோட்டத்துக்கு அடுத்த பக்கத்தில், அம்மாவின் முழங்காலை எழுதிவந்தேன்.

வெள்ளிக்கிழமை அம்மா குசினியில் பலகையில் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். எப்போதும் காலை மடித்துத்தான் இருப்பாள். அன்று வலது காலை நீட்டியிருந்தாள். சேலை கொஞ்சம் விலகியிருந்தது. என்னைக் கண்டதும் இழுத்து மூடினாள்.

"என்னணை காலில?"

"வாதம். வயசு போனால் வராதே?"

அம்மாவுக்கு நாற்பத்தொன்பது வயது. வாதம் என்று ஊரில் சொல்வது மூட்டுத் தேய்மானத்தை. அது மெல்ல மெல்ல வரும். மாதக்கணக்கில், பெரும்பாலும் இரண்டு காலிலும், காலையில் எழும்பும்போது பிடித்துக்கொண்டு பிறகு நடக்க நடக்க இளகும். அம்மா போன கிழமை வரை நல்லதண்ணிக் கிணற்றுக்குக் குடத்தோடு போய் வந்தவள். நெடுந்தீவில் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் உவர். நல்லதண்ணிக்கு முக்கால் மைல் நடக்கவேண்டும்.

"எங்கையேன் விழுந்தனீங்களோ? கால் புரண்டதோ?"

"நான் ஏன் விழுகிறன்? உனக்கு விசர்."

சுளுக்கோ, உள்ளே ஏதும் அறுந்ததோ என்றால் எந்த நேரத்தில் நடந்தது என்று ஆளுக்கே தெரியும். அப்பாவுக்கு ஒருமுறை பெருவிரல் சிவந்து, போர்வை பட்டாலும் அலறினார். அது சாராயத்தோடு வந்த வேறு ஒன்று. என்னோடு விடுதியில் இருந்த ஒருத்திக்குத் தொண்டை நோவுக்குப் பிறகு காய்ச்சல் வந்து, இன்றைக்கு முழங்கால், நாளைக்கு மணிக்கட்டு என்று மூட்டு மூட்டாய் மாறியது. அம்மாவின் வீக்கம் இடம் மாறவில்லை. முழங்காற் சில்லுக்கு நேர் முன்னால், தோலுக்குக் கீழே பாதித் தேசிக்காயைக் கவிழ்த்து வைத்தது போல நின்றது. அதன் நடுவில் அரிசி அளவில் காய்ந்த ஒரு பொருக்கு.

சனிக்கிழமை காலை புறங்கையை வைத்துப் பார்த்தேன். இடது முழங்கால் குளிர். வலது, அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி.

ஒற்றை மூட்டு. சூடு. சிவப்பு. மீதியாய் நின்றது ஒன்றுதான், கிருமி. கிருமி என்றால் பொறுத்துப் பார்க்கிற நோவு இல்லை. அது எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் சனிக்கிழமை நான் செய்ததை எழுதத்தான் வேண்டும். பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். அது டொக்குத்தருக்குப் பதிலாய் மருந்து கொடுக்கிற ஒரு அப்போதிக்கரியும் எட்டுக் கட்டிலும் உள்ள சின்னக் கட்டடம். வாசலில் ஆண்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என்ன வருத்தம், ஆருக்கு என்று கேட்பார்கள், நான் சொல்லவேண்டும். வேலியோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். கொப்பியில் அந்த வரியை எழுதவில்லை.

அன்று பின்னேரம் பக்கத்து வீட்டு றோசம்மாக்கா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டாள்.

"சவுந்தரியக்கா, உன்ர முழங்கால் உன்னைவிட வடிவாய்க் கொழுத்துப் போச்சு" என்றாள்.

அம்மா சிரித்தாள். சிரித்து முடிக்கமுதல் முகம் கோணியது.

ஞாயிறு விடிய அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல். தொடையடியில் நெறி கட்டியிருந்தது. பூசைக்கும் போக முடியவில்லை. அப்பாவும் தம்பியும் சோழகக் காற்றுக் காலத்துக்கு முல்லைத்தீவுக் கரையில் வாடிக் குடில் அடித்து மீன்தொழில் செய்யப் போயிருந்தார்கள். ஐப்பசிக்கு முன் வரமாட்டார்கள். வீட்டில் நானும் அம்மாவும்தான். பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது, அப்போதிக்கரியின் வீட்டு வாசலில் நின்று கொப்பியை நீட்டினேன்.

அவர் பெயர் செல்வரத்தினம். சரவணைக்காரர். அரைக்கைச் சேட்டோடு நின்றபடியே மூன்று பக்கத்தையும் வாசித்தார்.

"நீரோ எழுதினது?"

தலையாட்டினேன்.

"வாயில்லையோ?"

"ஓம்" என்றேன். வாயில்லை என்பதற்கோ, எழுதியது நான்தான் என்பதற்கோ, எனக்கே தெரியவில்லை. அவர் சைக்கிளை எடுத்தார்.

அம்மாவின் நாக்குக்குக் கீழே வெப்பமானி வைத்தார். நூற்றிரண்டு. பத்தைக் கழுவச் சொன்னார். முழங்காலைப் பிடித்து மெல்ல மடித்துப் பார்த்தார். பாதிக்கு மேல் மடிந்தது.

"முழங்காலில நிண்டு ஏதும் வேலை செய்யிறனீங்களோ?"

"இல்லை."

"நிலம் மெழுகிறது?"

"எங்கட வீடு சீமெந்து நிலம்."

"இந்தப் பொருக்கு எப்பிடி வந்தது?"

"குசினிப் படியில உரசினது."

எங்கள் குசினிக்குப் படி இல்லை. அவர் குசினிப் பக்கம் போகவில்லை, அதனால் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வெளியாளுக்கு முன்னால் அம்மா பொய் சொல்கிறாள் என்று எப்படிச் சொல்வது? அவர் பெனிசிலின் ஊசி போட்டார். நாளைக் காலை வருகிறேன், காய்ச்சல் இறங்கவில்லை என்றால் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

இறங்கவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அவர் வந்தபோது காய்ச்சல் நூற்றிமூன்று. பொருக்கைச் சுற்றிய சிவப்பு ஒரு விரல் அகலம் பரவியிருந்தது. மறுபடி மடித்துப் பார்த்தார். நேற்று மடிந்ததில் பாதிதான் மடிந்தது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். அம்மாவுக்குத்தான் சொன்னார், ஆனால் இடைக்கிடை என்னைப் பார்த்தார்.

"அம்மா, கேளுங்கோ. சில்லுக்கு முன்னால, தோலுக்குக் கீழ ஒரு சின்னப் பை கிடக்கு. எல்லாருக்கும் கிடக்கு. சீழ் இப்ப அந்தப் பைக்குள்ளதான் எண்டு நினைக்கிறன். அங்கை நிண்டால் பயமில்லை. ஒரு கீறல், பத்து நாள் மருந்து, வீட்டை வந்திடலாம். அதுக்குப் பின்னால இருக்கிறது மூட்டு. அதுக்குள்ள இறங்கிச்சோ, ஒண்டு ரெண்டு நாளில உள்ளுக்கு அரிச்சுப்போடும். பிறகு கால் கம்புதான். மடியாது. இரத்தத்தில கலந்தால் காலோடயும் நிக்காது. இண்டைக்கே போகவேணும்."

"புதன்கிழமை போறன்" என்றாள் அம்மா.

"ஏன், புதனிலதானோ நல்ல நாள்?"

"நாளைக்கு ஒரு அலுவல் கிடக்கு."

"சோழகக் காத்து தூக்கிக்கொண்டு நிக்குது. நாளைக்கு லோஞ்சு ஓடுமோ ஓடாதோ ஆருக்குத் தெரியும். நான் சரவணையான், வயல்காரன். கடலைக் கண்டால் எனக்கே காய்ச்சல் வரும். நானே கடலில போங்கோ எண்டு சொல்லுறன் எண்டால் யோசியுங்கோ."

"புதன்கிழமை" என்றாள் அம்மா.

அவர் எழும்பி விறாந்தைக்கு வந்தார். பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதத் தாள் கேட்டார். கொப்பியின் கடைசித் தாளைக் கிழித்துக் கொடுத்தேன்.

"நீர் படிச்சனீர். உமக்கு விளங்கும். கையைக் காலைப் பிடிச்சாவது ஏத்தும். குறிகட்டுவானில இறங்கினால் யாழ்ப்பாண பஸ் நிக்கும். தம்புவின்ர மாட்டு வண்டிலை அனுப்புறன், ஒன்பதரைக்கு வரும்." எழுதியபடியே இன்னும் ஒன்று சொன்னார். "ஒரு விஷயம் இடிக்குது. இது சும்மா வாற வருத்தம் இல்லை. நாளும் முழங்காலில நிக்கிறவைக்குத்தான் அந்தப் பை வீங்குறது. அதுக்கு மேல தோலும் உரஞ்சினால் கிருமி போகும். உவ ஏதோ மறைக்கிறா. ஆனால் இனி ஒருக்கால் அந்தக் காலை ஊண்டினால் உள்ளுக்கு உடையும். அதை மட்டும் விடாதேயும்."

வண்டில் ஏற்பாடு செய்ய அவர் சந்திக்குப் போனார். மணி எட்டே முக்கால்.

நான் உடுப்புப் பெட்டியை எடுத்து அம்மாவின் இரண்டு சேலையை மடித்து வைத்தேன். அம்மா கட்டிலில் இருந்தபடி அவற்றை ஒவ்வொன்றாய் வெளியே எடுத்து வைத்தாள். நான் வைக்க அவள் எடுக்க, இரண்டு தரம் நடந்தது.

றோசம்மாக்கா கஞ்சி கொண்டு வந்தாள். வாசலில் நின்று பார்த்தவள் என் கையைப் பிடித்து வளவுக்குள், கல்மதில் ஓரம் கூட்டிப்போனாள்.

"உன்ர கொம்மா ஏன் போகமாட்டன் எண்டு நிக்கிறா, தெரியுமோ?"

"தெரியாது."

"நீயெல்லாம் பி.எஸ்.ஸி.! பூச்சியின்ர வயித்துக்குள்ள என்ன கிடக்கெண்டு தெரியும், வீட்டுக்குள்ள என்ன நடக்குதெண்டு தெரியாது." குரலைத் தாழ்த்தினாள். "நான் சொன்னனெண்டு சொல்லாதை. நேர்த்திக்கடன்."

"என்ன நேர்த்தி?"

"செவ்வாயில செவ்வாயில தண்ணிக்குப் போட்டு ஏன் சுணங்கி வாறா எண்டு நினைச்சனி? கிணத்துக்கு அங்கால அந்தோனியார் கோவில். வாசல் சிலுவையடியிலயிருந்து பீடம் மட்டும் முழங்காலில போறா. கோவில் முற்றமெல்லாம் கல்லும் சிப்பியும். ஒன்பது செவ்வாய். ஏழு முடிஞ்சுது. போன செவ்வாய் ரத்தம் வந்ததைக் கண்டு நான்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தனான். வாய்விட்டால் பலியாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கிப்போட்டா."

நெறி, பொருக்கு, இல்லாத குசினிப் படி, எல்லாம் தன் தன் இடத்தில் போய் இருந்தன. செவ்வாயில் அம்மா ஏன் நேரம் பிந்தி வருகிறாள் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கிணற்றடியில் சனம் கூட என்று நினைத்திருந்தேன்.

"எதுக்கு நேர்ந்தவ?"

"எதுக்கோ? உனக்குத்தான். உனக்கு ரீச்சர் வேலை வரவேணுமெண்டு. வேலைக் கடிதம் கையில கிடைச்சால் அண்டையோட நேர்த்தி நிறைவு, ஒரு மெழுகுதிரி கொளுத்தி நன்றி சொன்னால் சரி. கிடைக்காட்டில் ஒன்பதும் போகவேணும்." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வந்தாலும் நீ போவியோ? நாப்பது பிள்ளையளுக்கு முன்னால நிண்டு வாய் திறப்பியோ? எனக்கு முன்னாலயே முணுமுணுக்கிறாய்."

முதலாவது செவ்வாய் ஆடி மாதம் மூன்றாம் திகதியாய் இருக்கவேண்டும். பிறகு பத்து, பதினேழு. அடுத்தது இருபத்துநாலு. பதினேழுக்கும் இருபத்துநாலுக்கும் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை வந்து போனது. அது எனக்கு மட்டும் தெரிந்த வெள்ளிக்கிழமை. ஏழிலிருந்து மூன்றைக் கழித்தேன். நாலு. கல்லிலும் சிப்பியிலும் நாலு தரம்.

மதிலைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னடி, உனக்கும் காய்ச்சலோ?" என்றாள் றோசம்மாக்கா.

உள்ளே போனேன். மணி ஒன்பது பத்து. அம்மா கஞ்சியைக் குடிக்காமல் வைத்திருந்தாள். பெட்டி வெறுமையாய் இருந்தது.

"அம்மா, எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அந்தோனியார் கோவில்."

அம்மாவின் கண் வாசலுக்குப் போனது. "ஓட்டை வாய்! சத்தியம் பண்ணினவள்."

"பாவம், உங்கட காலைப் பாத்துத்தான் சொன்னவ" என்றேன்.

"எனக்குக் கேக்குது" என்றாள் றோசம்மாக்கா விறாந்தையிலிருந்து. "ஓட்டை வாய்தான். அந்த வாயால ஏழு செவ்வாய் பேசாமல் இருந்தனான். அதுக்கு ஆரும் மெழுகுதிரி கொளுத்தேல்லை."

நான் கட்டிலடியில் நிலத்தில் இருந்தேன். "நாளைக்கு நான் போறன். உங்களுக்குப் பதிலாய் நான் முழங்காலில போறன். அடுத்த செவ்வாயும் போறன்."

அம்மா, அந்தக் காய்ச்சலிலும், சிரித்தாள். "ஆள் மாறினது அந்தோனியாருக்குத் தெரியாதே? சோதினைக்கு ஆள் மாறிப் போற மாதிரி."

"அப்ப சுகம் வந்த பிறகு, மார்கழியில செய்வம்."

"இடையில விட்டால் முதலிலயிருந்து. ஏழும் வீண்." அம்மா என் தலையில் கை வைத்தாள். கை சுட்டது. "ரெண்டுதானே பிள்ளை. இடது காலை ஊண்டி, வலது காலை இழுத்து இழுத்துப் போவன். யோசிச்சு வைச்சிருக்கிறன்."

"டொக்குத்தர் சொன்னது கேட்டதுதானே. உள்ளுக்கு உடைஞ்சால் கால் மடியாது."

"மடியாட்டில் போகட்டும். எனக்கு இனிக் கால் எதுக்கு, நான் என்ன பள்ளிக்கூடம் போகவோ? உனக்குத்தான் வேணும், வேலைக்குப் போக."

நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். தண்ணீர் குடித்தேன். திரும்பவும் குடித்தேன். இறுதிச் சோதினையில் வாய்மொழித் தேர்வு நினைவுக்கு வந்தது. மூன்று பேராசிரியர்கள், மேசையில் ஒரு முயலின் பின்னங்கால் என்பு. பதில் எனக்குத் தெரியும். எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். மூவரும் சிரித்தார்கள், கோபமாயில்லை. அந்தச் சிரிப்பு நாற்பது வாயிலிருந்து வந்தால் எப்படி இருக்கும் என்று இந்த ஒரு மாதமாய் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒரு வழி இருக்கிறதா என்று தேடினேன். பங்குச்சுவாமியைக் கூப்பிடலாம். அவர் ஊர்காவற்றுறைக்குப் போயிருந்தார், நாளை மறுநாள்தான் வருவார். மயக்கம் வரும்வரை பார்த்திருந்து பிறகு தூக்கி ஏற்றலாம். அப்படி யோசித்ததற்காக வெட்கப்பட்டேன். யோசித்துக்கொண்டிருந்ததே எனக்காக என்பதும் தெரிந்தது. மணி ஒன்பது இருபத்தைந்து.

வாசலில் வண்டில் வந்து நின்றது. தம்பு இறங்கி மாட்டுக்கு வைக்கோல் போட்டார். அப்போதிக்கரி சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். ஆஸ்பத்திரிக் கடிதம் ஒட்டிய உறைக்குள் அவர் கையில் இருந்தது.

"வெளிக்கிட்டாச்சோ?"

"புதன்கிழமை எண்டு சொன்னனான்தானே" என்றாள் அம்மா. அவள் உதடு உலர்ந்து வெடித்திருந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தன்னால் நிற்க முடியும் என்று காட்டுவதற்காக எழும்பினாள். வலது கால் நிலத்தில் பட்டதும் ஒரு சத்தம் வந்தது. அம்மாவிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. றோசம்மாக்கா ஓடிவந்து தோளைப் பிடித்து இருத்தினாள்.

"பலவந்தமாய் ஏத்தவோ?" என்றார் தம்பு வாசலில் நின்று.

"ஏத்தினால் கடலுக்கை குதிப்பன்" என்றாள் அம்மா. "ரெண்டு செவ்வாய். அதுக்குப் பிறகு காலை வெட்டினாலும் ஓம்."

அப்போதிக்கரி என்னைப் பார்த்தார். றோசம்மாக்கா பார்த்தாள். தம்பு பார்த்தார். அறை சின்னது. எல்லார் முகமும் கிட்ட இருந்தது. என் காதுக்குள் இரைந்தது. கொப்பியில் எழுதி அம்மாவிடம் நீட்டலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

கட்டிலடிக்குப் போய் அம்மாவின் முன்னால் நின்றேன். முதல் தரம் குரல் வரவில்லை. அம்மா என் வாயைப் பார்த்தாள். இரண்டாம் தரம் வந்தது. எதிர்பார்த்ததைவிட உரத்துத்தான் வந்தது. வெளியே மாடு தலையைத் திருப்பியது.

"அம்மா, கடிதம் வந்திட்டுது. ஆடி இருபதாம் திகதி, வெள்ளிக்கிழமை, நான்தான் தபாற்கந்தோரில கையெழுத்துப் போட்டு எடுத்தனான். பதுளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். எனக்கு வேலை கிடைச்சு ஒரு மாசமாச்சு. போகப் பயத்தில நான் உங்களுக்குச் சொல்லேல்லை."